14 நாள் குளுக்கோஸ் சென்சார்: முதல்முறை ஒட்டுபவர்களுக்கு

சர்க்கரை நோயாளிகள் எல்லோரும் ஆண்டு முழுவதும் கையில் சென்சாருடன் (தோலில் ஒட்டிக்கொண்டு சர்க்கரை அளவைத் தொடர்ந்து காட்டும் சிறு கருவி) திரிய வேண்டியதில்லை. இன்சுலின் போடுபவர்கள் கதை வேறு. மாத்திரையில் இருப்பவருக்கு, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) ஏன் இறங்க மறுக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு சென்சாரே பெரிதும் உதவும். நான் ஒட்டிக்கொண்டது ஃப்ரீஸ்டைல் லிப்ரே என்ற சென்சார். அதை வைத்தே சொல்கிறேன்.

முதலில் நாள் பாருங்கள். கல்யாண விருந்து, எம்ஆர்ஐ ஸ்கேன் எதுவும் குறுக்கிடாத இரண்டு வாரம் வேண்டும்.

இடம், மேல்கையின் பின்பக்கம். எந்தப் பக்கம் சாய்ந்து தூங்குவீர்களோ அந்தக் கை வேண்டாம்; அழுந்தினால் நள்ளிரவில் சர்க்கரை தாழ்ந்துவிட்டதாகப் பொய்யாக 60 காட்டிப் பதற வைக்கும். எண்ணெய்ப் பசை போகக் கழுவி, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு சென்சாரை அதை ஒட்டும் கருவியோடு வைத்து அழுத்துங்கள். ஊசி திரும்பிவிடும், மெல்லிய இழை மட்டும் தோலுக்குள் தங்கும். 60 நிமிடம் கழித்துத்தான் எண் வரும்.

அந்த எண்ணை உடனே குளுக்கோமீட்டரோடு ஒப்பிட்டுச் சண்டை போடாதீர்கள். சென்சார் அளப்பது ரத்தத்தை அல்ல, செல்களுக்கு இடையிலுள்ள நீரை. சில நிமிடங்கள் பின்தங்கியே வரும். ஆனால் சர்க்கரை தாழ்ந்ததுபோல் கை நடுங்கி வியர்க்கும்போது சென்சார் 110 என்றால், விரலில் குத்திப் பார்த்துவிடுங்கள். ஸ்கேன் செய்யும் மாடலில் 8 மணி நேரத்துக்கு ஒருமுறையாவது போனைக் காட்ட வேண்டும், தவறினால் பழைய பதிவு அழிந்துவிடும்.

உண்மையான வேலை இனிமேல்தான். ஒரு நோட்டில் சாப்பிட்டது, நேரம், நடை, மாத்திரை எல்லாவற்றையும் எழுதுங்கள். பிறகு சோதித்துப் பாருங்கள்: இன்று மூன்று இட்லி, சாப்பிட்டதும் நாற்காலி, நாளை அதே மூன்று இட்லி, சாப்பிட்டதும் 15 நிமிட நடை. நான் வருடக்கணக்காக இட்லியைத் திட்டிக்கொண்டிருந்தேன். வரைபடத்தில் மலையேறி நின்றதோ மாலைத் தேநீரும் நான்கு பிஸ்கட்டும்!

பெரும்பாலான பெரியவர்களுக்கு நாளில் 70 சதவீத நேரமாவது, அதாவது ஏறக்குறைய 17 மணி நேரம், சர்க்கரை 70 முதல் 180 வரை (mg/dL) இருப்பது இலக்கு. கர்ப்பிணிகளுக்கும் முதியவர்களுக்கும் இது வேறு. வரைபடத்தைப் பார்த்து நீங்களே மாத்திரையைக் கூட்டிக் குறைக்காதீர்கள். நோட்டையும் சேர்த்து டாக்டரிடம் காட்டுங்கள்.

15ஆம் நாள் ஓரங்களில் தேங்காய் எண்ணெய் தடவிச் சிறிது நேரம் விட்டு உரியுங்கள். தோல் இழுபடாமல் வந்துவிடும்.