பெருங்குடல் கட்டிக்குள் சிடி8 டி செல்களை எண்ணுதல்: கியூபாத் மென்பொருளில் செல்லின் எல்லை வரையும் படி

பெருங்குடல் புற்றுநோய்க் கட்டியில் டி செல்கள் (நோயெதிர்ப்பு வெள்ளையணுக்களில் ஒருவகை) எத்தனை உள்ளன, அவை நடுப்பகுதியில் உள்ளனவா விளிம்பில் உள்ளனவா என்பவை நோயின் போக்கோடு தொடர்புடையவை என்பதைப் பாரிஸில் ஜெரோம் கலோன் குழுவினர் 2006இல் காட்டினர். எனவே எண்ணிக்கையோடு இடமும் நமக்குத் தேவை.

பாரஃபினில் பதித்த திசுவை 4 மைக்ரான் தடிமனில் சீவி, உட்கருவுக்கு டாபி என்ற ஒளிரும் சாயம், டி செல்லை அடையாளம் காண அதன் சவ்விலுள்ள சிடி8 புரதம், கட்டிச் செல்லை அடையாளம் காண அதற்குள் உள்ள சைட்டோகெராட்டின் புரதம் எனச் சாயமேற்றிவிட்டீர்கள் என்று கொள்கிறேன். ஒரு ஸ்லைடுக்கு மட்டும் முதன்மை எதிர்ப்பொருள்களை (அந்தப் புரதங்களில் நேரடியாகப் போய் ஒட்டுபவை) சேர்க்காமல் மற்றப் படிகள் அனைத்தையும் செய்து வையுங்கள். சிவப்பணுக்களும் கொலாஜனும் தாமாகவே ஒளிர்வதால், எந்த அளவுக்கு மேல் உண்மையான சமிக்ஞை என்பதை அதை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

மென்பொருளில் என் தேர்வு கியூபாத். பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவான இது இலவசமானது. எந்தச் செல்லைச் சொடுக்கினாலும் அதன் அளவீடுகள் கண்முன் வருவதே நான் இதை விரும்பக் காரணம். படத்தை ஒளிர்வு வகையாகத் திறந்து, பகுதியைக் குறித்து, டாபி அலைவரிசையில் செல்களைக் கண்டறியச் செய்யுங்கள்.

நான் இரண்டு வாரம் சிக்கிக்கிடந்தது இங்கேதான். சைட்டோகெராட்டினும் சிடி8உம் ஒருங்கே கொண்ட செல்கள் நூற்றுக்கணக்கில் வந்தன; ஒரே செல் கட்டிச் செல்லாகவும் டி செல்லாகவும் இருக்க முடியாதே. மென்பொருள் செல்சவ்வைப் பார்ப்பதில்லை. உட்கருவின் எல்லையை எல்லாப் பக்கமும் 5 மைக்ரான் விரித்து, அதையே செல் என்று கொள்கிறது. டி செல்லின் உட்கருவைச் சுற்றி மெல்லிய விளிம்பளவே சைட்டோபிளாசம் உண்டு; ஆகவே கட்டிச் செல்லை ஒட்டி டி செல் நிற்கும்போது, டி செல் சவ்வின் ஒளி அண்டைக் கட்டிச் செல்லின் கணக்கில் விழுந்துவிடுகிறது. விரிவாக்கத்தை 2 மைக்ரானாகக் குறைத்தேன், பெரும்பாலானவை மறைந்தன. எஞ்சியவற்றில் ஐம்பதையாவது கண்ணால் பாருங்கள். சிடி8 ஒளி உட்கருவைச் சுற்றி முழு வளையமாக இருந்தால் அது அந்தச் செல்லுடையது. ஒரு பக்கம் பிறையாக மட்டும் இருந்தால் அண்டைச் செல்லுடையது. சீவலுக்குள் செல்கள் ஒன்றன்மேல் ஒன்று கிடப்பதால் இரண்டு குறியும் காட்டும் சில செல்கள் தீராமல் நிற்கும். அவற்றை எந்தப் பக்கமும் சேர்க்காமல் தனியே எண்ணி அறிக்கையில் எழுதுவதே நேர்மையானது.

பின்சேர்க்கை: விரிவாக்கத்துக்கு 2 என்று கொடுத்தும் சரியான முடிவு வரவில்லை என்று வாசகர்கள் இருவர் எழுதியிருந்தனர். படத்தைச் சாதாரண டிஃப் கோப்பாகச் சேமித்ததில் பிக்சல் அளவு தொலைந்து, அந்த 2 மைக்ரானாக அல்லாமல் பிக்சலாக எடுத்துக்கொள்ளப்பட்டிருந்தது. பிக்சல் அளவையும் சேர்த்து வைக்கும் ஓஎம்இ-டிஃப் வடிவில் சேமித்து, பிக்சல் அளவு மைக்ரானில் தெரிகிறதா என்று பார்த்த பிறகே தொடங்குங்கள். அது இல்லாமல் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு எத்தனை செல்கள் என்ற அடர்த்தியையும் கணக்கிட முடியாது.