மூளைக் கட்டி அறுவையில் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

க்ளையோமா என்கிற மூளைக் கட்டிக்குத் தெளிவான விளிம்பு கிடையாது. எங்கே கட்டி முடிகிறது, எங்கே நல்ல மூளை தொடங்குகிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்வது கஷ்டம். வழக்கமாக ஒரு துணுக்கை எடுத்து, உறையவைத்துச் சீவி, சாயம் ஏற்றி, பேத்தாலஜிஸ்ட் மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல்வார். அதற்கு 20, 30 நிமிடம் ஆகிவிடும். அந்தக் காத்திருப்பைச் சில நிமிடங்களாகக் குறைக்கத்தான் மூலக்கூறுகளை எடைபோட்டு அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் கருவியை ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுவந்தார்கள். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் கிரஹாம் குக்ஸ் குழு 2004-இல் அறிவித்த டெசி முறையில், மின்னேற்றிய நுண்துளிகளைத் திசுமேல் பீய்ச்சுவார்கள். தெறித்து வரும் மூலக்கூறுகளைக் கருவி எடை போடும்.

பாஸ்டனில் நடாலி ஏகர் குழு இதை அறுவை அரங்கிலேயே நிறுவிப் பார்த்து 2014-இல் முடிவுகளை வெளியிட்டது. அவர்கள் தேடிய பொருள் 2-ஹைட்ராக்சிகுளூட்டரேட், சுருக்கமாக 2-எச்.ஜி. ஐ.டி.எச். என்ற மரபணு பிறழ்ந்த கட்டிகளில் இது குவிந்து கிடக்கும். நல்ல மூளையில் வெறும் சுவடுதான். திரையில், அதன் எடையைக் குறிக்கும் 147 என்ற எண்ணருகே பீக் (கூரான முகடு) எழும்பும்.

இங்கேதான், என் கணக்கில், மிகப் பெரிய தவறு நடக்கிறது. 147-இல் ஒன்றும் தெரியவில்லை, அதனால் கட்டி இல்லை என்று படித்துவிடுவது. க்ளையோமாக்களில் மிகக் கொடியதான க்ளையோபிளாஸ்டோமாவில் அந்தப் பிறழ்வே கிடையாது. 2021-இன் உலக சுகாதார நிறுவன வகைப்பாடு அந்தப் பெயரையே பிறழ்வு இல்லாதவற்றுக்கு மட்டும்தான் தருகிறது. கட்டி நடுவிலிருந்து எடுத்த துணுக்கிலேயே 147 எழாது. ஆகவே முதலில் நடுப்பகுதியைச் சோதிக்க வேண்டும். அங்கே பீக் வந்தால்தான், அப்புறம் விளிம்பில் அது வராததற்கு அர்த்தம் உண்டு.

சரி, பிறழ்வு இல்லாத கட்டிக்கு என்ன வழி? நரம்பணுக்களில் நிறைய இருக்கும் என்-அசிட்டைல்ஆஸ்பார்டேட் கட்டிக்குள் குறைந்துவிடும். பர்டியூவும் இண்டியானா மருத்துவக் கல்லூரியும் இதைக்கொண்டு விளிம்பைச் சோதித்து 2017-இல் எழுதினார்கள். ஆனால் நரம்பணு எந்தக் காரணத்தால் அழிந்தாலும் இந்த அளவு இறங்கும். இதைத் தனியாக நம்பக் கூடாது.

துணுக்கைக் கையாள்வதிலும் சறுக்கல் உண்டு. பழக்கதோஷத்தில் ஃபார்மலின் பாட்டிலில் போட்டுவிட்டால், நீரில் கரையும் 2-எச்.ஜி. பெருமளவு கழுவிக்கொண்டு போய்விடும். ரத்தம் தோய்ந்த துணுக்கில் ரத்தத்தின் சொந்த மூலக்கூறுகளே மற்றதை அமுக்கிவிடும். மின்கத்தியில் கருகிய விளிம்பும் டெசிக்கு ஆகாது. (லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஐ-நைஃப் என்ற மின்கத்திக்கோ, திசு கருகும்போது எழும் புகைதான் சோதனைப் பொருளே! ஒரு முறைக்குச் சேர்த்த ஒப்பீட்டுத் தரவை இன்னொன்றுக்குப் பொருத்தக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.)

செய்தி படிக்கும் நாமும் தப்பு செய்கிறோம். டெக்சாஸில் 2017-இல் அறிவித்த, திசுவைத் தொட்டுச் சோதிக்கும் மாஸ்ஸ்பெக் பேனாவின் 96 சதவீதத் துல்லியத்தை மூளைக்கும் சேர்த்துச் சொல்பவர்கள் உண்டு. அந்த 253 மாதிரிகள் மார்பகம், நுரையீரல், தைராய்டு, சினைப்பை திசுக்கள்.

எங்கிருந்து எடுத்தது என்பதைத் துல்லியமாகக் குறிக்காமல் விடுவதும் வினைதான். மண்டையோட்டைத் திறந்து மூளைத் தண்டுவட நீர் வடிந்ததும் மூளை அமிழும், சில சமயம் ஒரு சென்டிமீட்டருக்கும் மேல். முன்தினம் எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தில் வைத்த புள்ளி அப்போது வேறு இடத்தைக் காட்டும்.

கட்டிக்கு முழுப் பெயர் சூட்ட பேத்தாலஜி அறிக்கையும் மரபணுச் சோதனையும் எப்படியும் வேண்டும். பீக் இருக்கும் இடத்தையெல்லாம் வெட்டியாக வேண்டும் என்றும் இல்லை. பேச்சுப் பகுதியில் 147 எவ்வளவு உயர்ந்து நின்றாலும், பேச்சைச் சோதிப்பதற்காக அறுவையின்போது விழித்திருக்கும் நோயாளி படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும்போது நாக்குத் தடுமாறினால், சர்ஜன் அங்கேயே கையை எடுத்துவிடுவார்.