விதைப்பை வலி: காரணம் தெரியாமல் போவதற்கு நாமே செய்யும் தவறுகள்

முதலில் ஒன்று. விதையில் திடீரென்று கடுமையான வலி, கூடவே குமட்டலோ வாந்தியோ வந்தால் மருந்தகத்தில் வரிசையில் உட்கார்ந்திருக்காதீர்கள். விதை முறுக்கிக்கொண்டிருக்கலாம். சுமார் 6 மணி நேரத்துக்குள் சரிசெய்தால்தான் விதையைக் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம். நேரே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

மாதக்கணக்காக விட்டுவிட்டு வரும் வலியின் கதை வேறு. அதில் பலர் செய்யும் பெரிய தவறு, வீட்டில் மிச்சமிருந்த ஆன்டிபயாடிக்கைப் போட்டுக்கொண்டு பிறகு டாக்டரைப் பார்ப்பது. கிருமி இருந்திருந்தாலும் சோதனையில் சிக்காமல் போகலாம். 'கிருமி இல்லை' என்ற முடிவை அதற்குப் பிறகு நம்பவும் முடியாது.

சிறுநீர் கொடுப்பதிலும் குழப்பம் உண்டு. கிளமிடியா, கொனோரியா என்ற பாலுறவு வழித் தொற்றுகளுக்கான சோதனைக்கு முதலில் வரும் 20-30 மில்லி தேவை. அதற்கு முன் குறைந்தது ஒரு மணி நேரம் சிறுநீர் கழித்திருக்கக் கூடாது. கிளம்பும் முன் கழிவறைக்குப் போய்விட்டு வருவது நம் வழக்கமாயிற்றே! கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கோ முதல் பகுதியை விட்டுவிட்டு நடுப்பகுதியைப் பிடிக்க வேண்டும். எந்தச் சோதனை என்று தாதியிடம் கேட்டுவிட்டுப் புட்டியை வாங்குங்கள். 35 வயதுக்குட்பட்டவர்களுக்கு விதை மேல்நாள அழற்சி (விதையை ஒட்டியுள்ள விந்துக்குழாயின் வீக்கம்) பெரும்பாலும் பாலுறவு வழித் தொற்றால் வருகிறது. மனைவியோ அம்மாவோ பக்கத்தில் இருப்பதால் பாலுறவு விவரத்தை மறைத்தால் சோதனையே தவறான திசையில் போகும். டாக்டரைத் தனியாகப் பாருங்கள்.

விதைப்பை ஸ்கேன் சரியாக இருந்தால் நோயே இல்லை என்று அர்த்தமில்லை. வெரிகோசீல் எனப்படும் விதைப்பை ரத்தக்குழாய்ப் புடைப்பு, படுத்த நிலையில் மட்டும் பார்த்தால் தவறிப்போகலாம். நின்றபடி, மூச்சை அடக்கி முக்கச் சொல்லியும் பார்க்க வேண்டும். சிறுநீர்க்குழாயில் இறங்கும் கல், குடலிறக்கம், முதுகுத்தண்டு நரம்பு அழுத்தம் ஆகியவையும் விதையில் வலியாகத் தெரியும். கட்டட வேலையில் பாரம் தூக்குபவர்கள், தூக்கும்போது கவட்டையில் ஏதாவது புடைக்கிறதா என்பதை அவசியம் சொல்ல வேண்டும்.

'விதை வலிக்குது' என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். எவ்வளவு நேரம் உட்கார்ந்தால் கூடுகிறது, விந்து வெளியேறும்போதா, மலம் கழிக்கும்போதா, சிறுநீர் கழித்தபின் குறைகிறதா என்று இரண்டு வாரம் குறித்துக் கொண்டுபோங்கள். 3 மாதத்துக்கு மேல் நீடிக்கும் இடுப்புக்குழி வலியில் (விதையில் தெரியும் வலியும் இதில் சேரும்) பெரும்பாலும் கிருமி கிடைப்பதில்லை. சிறுநீர்ப்பையையும் மலக்குடலையும் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசை இறுகியிருக்கக்கூடும். அப்படிப்பட்டவர்கள் இணையத்தைப் பார்த்துக் அந்தத் தசையைச் சுருக்கிப் பிடிக்கும் கீகல் பயிற்சி செய்தால், இறுகிய தசை இன்னும் இறுகக்கூடும். அவர்களுக்கு வேண்டியது தசையைத் தளர்த்தப் பழக்கும் பிசியோதெரபி. சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கைத் திரும்பத் திரும்பச் சாப்பிடுவதும் வீண். தசைநாண் பாதிப்பு அதன் அறிந்த பக்கவிளைவு.

சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புரோஸ்டேட் சுரப்பி அழற்சியால் வீங்கியிருக்கும்போது எடுத்த பிஎஸ்ஏ (அந்தச் சுரப்பிக்கான ரத்தச் சோதனை) அளவு கூடுதலாகக் காட்டும். அழற்சி அடங்கிச் சில வாரம் கழித்து மறுபடி எடுக்காமல் புற்றுநோய் என்று பயப்படாதீர்கள். மாறாக, வலியே இல்லாத கெட்டியான கட்டி விதையில் தட்டுப்பட்டால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது.

சிங்கப்பூரர்களும் நிரந்தரவாசிகளும் பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதத்தோடு அரசு மருத்துவமனையின் யூராலஜி (சிறுநீர்ப் பாதை நோய்கள்) பிரிவுக்குப் போனால் உதவித்தொகைக் கட்டணம் கிடைக்கும். நேரே தனியார் நோயாளியாகப் போனால் செலவு பல மடங்கு. தனியார் மருந்தகங்களில் எடுத்த முடிவுகளையும் சாப்பிட்ட மருந்துப் பெயர்களையும் கையோடு கொண்டுபோங்கள்.