தேங்காய் அல்ல, ஹார்டு டிஸ்க்: எக்ஸ்டர்னல் பெட்டியை உரித்து வீட்டு சர்வரில் மாட்டும் முறை

பல்லடத்தில் என் மச்சான் கல்யாண வீடியோ ஸ்டுடியோ வைத்திருக்கிறார். முகூர்த்த நாள் ஒன்றுக்கு இரண்டு மூன்று திருமணம், இணைச்சீர் தொடங்கிப் பந்தி வரை இரண்டு கேமரா. இடம் போதவில்லை என்றார். பழைய கம்ப்யூட்டரை சர்வராக மாற்றித் தருகிறேன் என்று வாயைக் கொடுத்தேன். சர்வருக்கென்றே விற்கும் டிஸ்க்கின் விலையைக் கேட்டதும் மச்சான் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். அதே 8 டெராபைட் அளவில் யூஎஸ்பி எக்ஸ்டர்னல் பெட்டி நன்றாகவே மலிவாக இருந்தது. நான்கு வாங்கினோம்.

இரண்டு ஆண்டுகளாக நான்கும் ஓடுகின்றன. உண்மையில் ஒன்று கெட்டுப்போனதுதான். ஆனால் பெட்டியை உரிக்கும் முன்பே கெட்டதால், கடையில் மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார்கள். இந்தப் பதிவை எழுதுவதே அதற்காகத்தான். லினக்ஸ் நிறுவுவதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

உள்ளே இருப்பது இரண்டாம் தரமா?

எல்லோரும் கேட்பது இதைத்தான். பெட்டிக்குள் இருப்பது சாதாரண 3.5 அங்குல சாட்டா டிஸ்க்தான், அதாவது கம்ப்யூட்டருக்குள் நேரே மாட்டும் வகை. பல சமயம் விளம்பரப் பெயர் இல்லாத வெள்ளை லேபிள் ஒட்டியிருக்கும். 2011இல் தாய்லாந்து வெள்ளத்தில் டிஸ்க் தொழிற்சாலைகள் மூழ்கி விலை ஏறியபோது, பேக்பிளேஸ் என்ற அமெரிக்க நிறுவனம் ஊழியர்களையும் நண்பர்களையும் கடை கடையாக அனுப்பி எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கி, உரித்து, தன் சர்வர்களில் மாட்டியது. ஒரு தரவு மையமே செய்த வேலை இது.

எனக்கு உறுத்துவது வேறு. எந்த மாடல் உள்ளே வரும் என்று பெட்டியின் மேல் எழுதியிருக்காது. உரித்த டிஸ்க்கை மட்டும் தூக்கிக்கொண்டு போனால் வாரண்டி கிடைக்கும் என்றும் நம்ப முடியாது. ஆகவே சந்தேகத்தையெல்லாம் உரிப்பதற்கு முன்பே தீர்த்துக்கொள்ள வேண்டும்.

1. வாங்குவது

தனி பவர் அடாப்டருடன் வரும் பெரிய பெட்டியை மட்டும் வாங்குங்கள். சட்டைப் பையில் அடங்கும் 2.5 அங்குல டிஸ்க் பலவற்றில் யூஎஸ்பி சாக்கெட்டே சர்க்யூட் போர்டில் பற்றவைக்கப்பட்டிருக்கும். உரித்தால் மாட்டுவதற்கு சாட்டா முனை இருக்காது.

2. உரிக்காமல் சோதிப்பது

பெட்டியை யூஎஸ்பியில் செருகி, டிஸ்க்கின் நலம் காட்டும் ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற நிரலைக் கொண்டு மாடல் எண்ணைப் பாருங்கள். தயாரிப்பாளரின் பட்டியலில் அது சிஎம்ஆரா எஸ்எம்ஆரா என்று தேடுங்கள். டிஸ்க்கில் தரவுத் தடங்களை அடுக்கும் இரண்டு வகை இவை. சிஎம்ஆரில் தடங்கள் தனித்தனியாக இருக்கும். எஸ்எம்ஆர் வகையில் தடங்கள் கூரை ஓடு போல ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். ஒன்றைத் திருத்தினால் பக்கத்தில் உள்ளவற்றையும் திரும்ப எழுத வேண்டும். ரெய்டில், அதாவது பல டிஸ்க்கை ஒன்றாகச் சேர்த்த அமைப்பில், ஒரு டிஸ்க்கை மாற்றி மறுகட்டமைக்கும்போது இது உயிரை வாங்கும். எஸ்எம்ஆர் என்றால் பெட்டியை அப்படியே பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து பேட்பிளாக்ஸ் என்ற நிரலைக் கொண்டு எழுதிப் பார்க்கும் சோதனை. டிஸ்க்கில் உள்ள அனைத்தும் அழியும். நான்கு வடிவங்களை எழுதி, ஒவ்வொன்றையும் திரும்பப் படிக்கும், அதாவது டிஸ்க் முழுவதையும் எட்டு முறை கடக்கும். 8 டெராபைட்டுக்கு ஏறக்குறைய ஐந்து நாள் ஆகும். பொறுமை வேண்டும், யூபிஎஸ்ஸும் வேண்டும். எங்கள் பக்கம் தறிக்கூடத்தில் மோட்டார் போடும் நேரமெல்லாம் விளக்கு மங்கும். பெட்டிக்குள் காற்றோட்டம் கிடையாது என்பதால் சித்திரை வெயிலில் மேசை மின்விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்தேன்.

முடிந்ததும், டிஸ்க் தன் நலத்தைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் அட்டவணையில், கெட்ட இடங்களைக் கணக்கிடும் 5, 197, 198 ஆகிய வரிசைகளின் கடைசி எண்ணைப் பாருங்கள். மூன்றும் பூஜ்யமாக இருக்க வேண்டும். “ஒன்றிரண்டு இருந்தால் பரவாயில்லை” என்பவர்கள் உண்டு. புது டிஸ்க்கில் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எங்கள் மூன்றாவது பெட்டியில் மூன்றாம் நாள் 197 ஏறத் தொடங்கியது. நான்காம் நாள் அது கடைக்குத் திரும்பியது.

3. உரிப்பது

பொள்ளாச்சிக்காரர்கள் மன்னிக்க வேண்டும், இது தேங்காய் அல்ல; பலம் தேவையில்லை. காலாவதியான ஏடிஎம் கார்டு இரண்டை இடுக்கில் நுழைத்தால் உள்ளிருக்கும் கொக்கிகள் ஒவ்வொன்றாக விடும். ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், தடம் விழும். பெட்டி, டிஸ்க்கை யூஎஸ்பியுடன் இணைக்கும் சிறிய போர்டு, ரப்பர் குமிழ், அடாப்டர் எதையும் எறியாதீர்கள். சில பெட்டிகளின் போர்டு தரவை மறையாக்கம் செய்தே எழுதும். பழைய கோப்பு உள்ள டிஸ்க்கை அப்படியே உரித்தால் கம்ப்யூட்டருக்கு ஒன்றும் புரியாது.

4. மூன்றாவது முள்

நான் ஒரு நாள் முழுக்கத் தொலைத்த இடம் இது.

டிஸ்க்கை மாட்டி சர்வரை ஆன் செய்தேன். சத்தமே இல்லை. கேபிளை மாற்றினேன், போர்டில் வேறு சாக்கெட்டில் செருகினேன், சர்வரைக் கவிழ்த்துப் போட்டுப் பார்த்தேன். ஐந்து நாள் சோதித்த டிஸ்க்கை நானே கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். மச்சானிடம் சொல்லவும் பயம். கடைசியில் பழைய யூஎஸ்பி போர்டில் திரும்பப் பொருத்தினால், ஒன்றும் நடக்காததுபோல் சுற்றுகிறது!

காரணம் இதுதான். சாட்டா மின் இணைப்பில் 15 முட்கள். முதல் மூன்றும் முன்பு 3.3 வோல்ட்டுக்கு ஒதுக்கப்பட்டவை. பின்னர் வந்த விதியில் மூன்றாவது முள்ளுக்கு வேறு வேலை தரப்பட்டது: அதில் மின்சாரம் வந்தால் டிஸ்க் நின்றுவிட வேண்டும். தரவு மையங்களில் தொங்கிப்போன டிஸ்க்கைத் தொலைவிலிருந்தே அணைத்துப் போட இது உதவும். பழைய பவர் சப்ளைக்கு இது தெரியாது. அந்த முள்ளுக்கு 3.3 வோல்ட்டை விடாமல் கொடுக்கும். டிஸ்க்கும் சொன்னபடி கேட்டு நின்றுகொண்டே இருக்கும்.

தீர்வு, முதல் மூன்று முட்களையும் டேப்பால் மூடுவது. இந்த டிஸ்க்குகளுக்கு 3.3 வோல்ட் தேவையில்லை. டிஸ்க்கின் தரவு இணைப்பு சிறியது, மின் இணைப்பு நீளமானது. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளிப் பக்கத்திலிருந்துதான் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண வேண்டும். நான் முதலில் எதிர்முனையிலிருந்து எண்ணி ஒட்டினேன். அங்கே இருப்பது 12 வோல்ட்!

செல்லோ டேப் வேண்டாம். சூட்டில் பசை இளகி நகரும். காப்டான் என்ற மஞ்சள் டேப்தான் சரி. கோயம்புத்தூர்ப் பக்கம் இதற்கு ஆன்லைனில் காத்திருக்க வேண்டியதில்லை. மோட்டார் காயில் கட்டும் பட்டறையில் கேட்டுப் பாருங்கள். எனக்கு ஒரு முழத்தைக் கிழித்துக் கொடுத்து, காசு வாங்க மறுத்தார் பட்டறைக்காரர். சிலர் மோலெக்ஸ் என்ற பழைய நான்கு முள் மின் முனையிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் கேபிளைச் சொல்வார்கள். மோலெக்ஸில் 3.3 வோல்ட் இல்லாததால் அதுவும் வேலை செய்யும். ஆனால் முனை ஒரே பிளாஸ்டிக்காக வார்க்கப்பட்ட மலிவு கேபிள்கள் உள்ளே உரசி எரிந்த கதைகள் உண்டு. டேப்தான் என் கட்சி.

5. மாட்டியபின்

நேர் எதிரே ஒரு 120 மில்லிமீட்டர் விசிறி வையுங்கள். 45 டிகிரிக்கு மேல் ஏற நான் விடுவதில்லை. பல்லடம், சோமனூர் பக்கம் இருந்தால் விசிறி வலையை மாதம் ஒருமுறை துடையுங்கள். தறிப் பஞ்சு கம்பளிபோலப் படிந்துவிடும். மாதம் ஒரு நீள ஸ்மார்ட் சோதனையைத் தானாக ஓடவிட்டிருக்கிறேன். திரும்ப எடுக்க முடியாத திருமணக் கோப்புகளின் இன்னொரு பிரதி, காங்கேயத்தில் அப்புச்சி வீட்டு பீரோவில் இருக்கிறது.

பிற்சேர்க்கை 1: ஈரோட்டு வாசகர் ஒருவரின் 18 டெராபைட் டிஸ்க்கில் பேட்பிளாக்ஸ் தொடங்கவே மறுத்தது. டிஸ்க்கைத் தொகுதிகளாகப் பிரித்துச் சோதிக்கும் அந்த நிரலால், 32 பிட் எண்ணில் அடங்கும் அளவு தொகுதிகளைத்தான் எண்ண முடியும். தொகுதி அளவை 4096 பைட்டுக்குப் பதில் 8192 ஆக்கினால் ஓடும்.

பிற்சேர்க்கை 2: “199ஆம் வரிசை ஏறுகிறது, டிஸ்க் போய்விட்டதா?” என்று இருவர் கேட்டார்கள். அது கேபிள் வழியே தரவு போய்வரும்போது நேரும் பிழைகளின் எண்ணிக்கை. பெரும்பாலும் சாட்டா கேபிள்தான் குற்றவாளி. அதை மாற்றுங்கள். பழைய எண் குறையாது. மேற்கொண்டு ஏறாமல் நின்றால் போதும். ஏறினால் டேப் ஒட்டிய இடத்தைப் பாருங்கள். ஒருவருக்கு டேப் சுருண்டு, இணைப்பு முழுதாக உட்காராமல் இருந்தது.