மலையோர வீடுகளில் கேஸ் கீசர்: பொருத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூணாறு, பூப்பாறை, குமுளி, வண்டிப்பெரியார், இந்தப் பக்கம் வால்பாறை என்று கேரள எல்லையை ஒட்டிய மலையூர்களில் கரண்ட் கீசரைவிட கேஸ் கீசருக்கு மவுசு அதிகம். ஆடி மழையில் மரம் சாய்ந்து கரண்ட் போனாலும் சுடுதண்ணி வரும். ஹோம்ஸ்டேயில் ஒருவர் குளித்து முடித்ததும் அடுத்தவர் காத்திருக்க வேண்டியதில்லை. பெட்டியும் சிறியது, விலையும் கட்டுப்படியாகும். ஆனால் இதைக் குழாய் மாட்டும் வேலையாக மட்டும் நினைத்து பிளம்பர் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். எரிவதற்குக் காற்று எங்கிருந்து வரும், எரிந்த புகை எந்த வழியாகப் போகும் என்று கேட்பதற்கு அங்கே ஆள் இருப்பதில்லை. உயிர் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

முதல் தவறு, எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, புகைக்குழாய் இல்லாத கீசரைக் குளியலறைச் சுவரிலேயே மாட்டுவது. நிமிடத்துக்கு 6 லிட்டர் தண்ணீரை 25 டிகிரி கூடுதலாகச் சூடாக்க சுமார் 10.5 கிலோவாட் வெப்பம் தேவை. வீணாவதையும் சேர்த்தால் நிமிடத்துக்குச் சுமார் 16 கிராம் கேஸ் எரியும். சமையலறையில் ஐந்து பர்னர்களை ஒரே நேரத்தில் முழுத் தீயில் வைத்தால் எவ்வளவு எரியுமோ, கிட்டத்தட்ட அவ்வளவு. ஒரு கிலோ கேஸ் முழுசாக எரிய ஏறத்தாழ 13 கன மீட்டர் காற்று வேண்டும். அப்படியென்றால் இந்தக் கீசர் நிமிடத்துக்கு 200 லிட்டர் காற்றைத் தின்கிறது.

நம் வீட்டுக் குளியலறை எவ்வளவு பெரியது? நாலுக்கு ஆறு அடி, உயரம் எட்டு அடி என்றால் மொத்தமே 5.4 கன மீட்டர். கதவு ஜன்னல் எல்லாம் இறுக்கமாக மூடியிருந்தால், நாலு நிமிடத்தில் அந்த அறைக் காற்றின் ஆக்சிஜன் 21 சதவீதத்திலிருந்து 18 பக்கம் இறங்கிவிடும். அந்த அளவில் தீ அணைந்துவிடாது. அணைந்தால்கூட நல்லது. அரைகுறையாக எரியத் தொடங்கி கார்பன் மோனாக்சைடைக் கக்கும். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை, கண்ணும் எரியாது. ரத்தத்தில் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலை கிறுகிறுக்கிறதே என்று நினைப்பதற்குள் கால் துவண்டுவிடும். தாழ்ப்பாள் எட்டும் தூரத்தில் இருந்தாலும் கையைத் தூக்கித் திறக்க முடியாது.

"எங்கள் வீட்டில் வென்டிலேட்டர் இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது, ஆனால் ஜூன் மாதம் போய்ப் பாருங்கள். சாரல் அடிக்கிறது என்று பழைய ஃப்ளெக்ஸ் பேனரை மடித்துச் செருகியிருப்பார்கள், அல்லது கண்ணாடிப் பட்டைகளை மூடி ஓரத்தில் டேப் ஒட்டியிருப்பார்கள். டிசம்பர், ஜனவரிக் குளிரில் கதவின் அடியில் துணியும் திணிப்பார்கள். சுடுதண்ணி அதிகம் தேவைப்படும் மாதங்களும் காற்று வழியை அடைக்கும் மாதங்களும் மலையில் ஒன்றுதான். கோயம்புத்தூரில் வருடக்கணக்கில் தொந்தரவு தராத கீசர் வால்பாறையில் ஆளைச் சாய்ப்பதற்கு இதுவே காரணம். மேலே ஒரு திறப்பு மட்டும் இருந்தாலும் போதாது. கீழே காற்று நுழைய ஒன்று, மேலே வெளியேற ஒன்று என்று இரண்டு வேண்டும். கீசர் இருக்கும் சிறிய அறை வீட்டுக்குள்ளிருந்தே காற்று எடுப்பதானால், தரையிலிருந்து ஒரு அடிக்குள் ஒன்றும் கூரையிலிருந்து ஒரு அடிக்குள் ஒன்றுமாக, ஒவ்வொன்றும் குறைந்தது 100 சதுர அங்குலம் இருக்க வேண்டும் என்கிறது அமெரிக்க எரிவாயு விதித்தொகுப்பு. பத்துக்குப் பத்து அங்குலத் துளை என்று வைத்துக்கொள்ளலாம். அதில் நெருக்கமான கொசுவலை அடித்தால் ஒரே வருடத்தில் நூலும் தூசியும் படிந்து பாதி அடைத்துவிடும். சாய்ந்த மரப் பட்டைகளால் மறைப்புப் போட்டால் திறந்த பரப்பு கால்வாசிதான் மிஞ்சும். ஆனால் ஒன்று: இந்தத் துளைகள் புகைக்குழாய் உள்ள கீசருக்கு. புகைக்குழாயே இல்லாததைக் குளியலறைக்குள் வைத்துவிட்டு எவ்வளவு துளை போட்டாலும் அதைப் பாதுகாப்பு என்று சொல்ல மாட்டோம்.

அடுத்து எக்ஸாஸ்ட் ஃபேன். இதை ஒரு பரிகாரமாக எல்லோரும் சொல்கிறார்கள். விசிறி இல்லாத, தானாக மேலே இழுக்கும் புகைக்குழாய் வைத்த கீசர் உள்ள அறையில் எக்ஸாஸ்ட் ஃபேனை ஓட்டினால், உள்ளே வரும் காற்று போதாமல் அறையின் அழுத்தம் குறையும். ஃபேன் தனக்கு வேண்டிய காற்றைப் புகைக்குழாய் வழியாகவே கீழே இழுக்கும். வெளியே போக வேண்டிய புகை அறைக்குள் திரும்பும். பக்கத்துச் சமையலறையின் சிம்னிகூட இதைச் செய்யும்.

இதைச் சோதிக்க ஒரு ஊதுபத்தி போதும். முதலில் சோப்புத் தண்ணீர் தடவி எங்கும் கேஸ் கசிவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். வீட்டின் கதவு, ஜன்னல்களைச் சாத்தி, எக்ஸாஸ்ட் ஃபேனையும் சிம்னியையும் போட்டு, கீசரை ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். பிறகு புகைக்குழாய் தொடங்கும் இடத்தில் உள்ள திறந்த இடைவெளி அருகே ஊதுபத்தியைக் காட்டுங்கள். புகை உள்ளே இழுபட்டு மேலே போனால் சரி. முகத்தை நோக்கி வளைந்து வந்தாலோ, அங்கேயே சுற்றிக்கொண்டு நின்றாலோ, கீசரை அணைத்துக் காரணத்தைத் தேடுங்கள். அதுவரை யாரும் அதில் குளிக்கக் கூடாது.

புகைக்குழாய் வேலையில் நடக்கும் தவறுகள் தனி ரகம். மோட்டார் லைனுக்கு வாங்கியதில் மிச்சமிருந்த பிவிசி குழாயைப் புகைக்குழாயாக மாட்டியிருப்பதைப் பல இடங்களில் பார்க்கலாம். கனடாவிலோ அமெரிக்காவிலோ இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் வெள்ளை பிளாஸ்டிக் குழாய்தானே இருந்தது என்று காரணமும் சொல்வார்கள். அது உண்மை, ஆனால் அது வேறு கருவி. அங்கே வீட்டைச் சூடாக்கும் உயர்திறன் ஃபர்னஸில் இரண்டாவதாக ஒரு வெப்பமாற்றி இருக்கும். புகையிலுள்ள நீராவி தண்ணீராகும்வரை வெப்பத்தை உறிஞ்சிவிடுவதால் வெளியே வருவது வெதுவெதுப்பான காற்று மட்டும். தயாரிப்பாளர் அனுமதித்த பிளாஸ்டிக் அதற்குத் தாங்கும். நம் சாதாரணக் கீசரின் புகை 150 டிகிரியைச் சுலபமாகத் தாண்டும். அந்தச் சூட்டுக்கு வெகு முன்பே பிவிசி இளகித் தொய்ந்துவிடும், இணைப்பு கழன்று புகை உத்திரத்துக்கும் சீலிங்குக்கும் நடுவே கொட்டும். கீசரோடு வரும் உலோகக் குழாயோ அதே விட்டத்தில் ஸ்டீல் குழாயோதான் போட வேண்டும். வழியில் விட்டத்தைக் குறைக்கவே கூடாது.

சரிவிலும் குழப்பம் உண்டு. தானாக இழுக்கும் வகையில் குழாய் கீசரிலிருந்து நேராக இரண்டு அடியாவது மேலே ஏறிய பிறகே வளைய வேண்டும். படுக்கையாகப் போகும் பகுதி வெளிப்பக்கம் நோக்கி அடிக்குக் கால் அங்குலம் உயர வேண்டும். முடிவில் கூரையைத் தாண்டி இரண்டு அடி நிற்க வேண்டும். சுவரில் ஓட்டை போட்டு நேராக வெளியே நீட்டுவது இந்த வகைக்கு ஆகாது. உள்ளேயே விசிறி வைத்த வகையை சுவர் வழியாக நீட்டலாம். அதில் குழாய் வெளிப்பக்கம் சற்றே கீழ்நோக்கி இருக்க வேண்டும், இல்லையென்றால் மழைத்தண்ணி நேராகக் கீசருக்குள் இறங்கும். மேலே சொன்ன உயர்திறன் கருவிகளில் இது அப்படியே தலைகீழ்: குழாயில் ஊறும் அமிலத் தண்ணீர் கருவிக்கே திரும்பி வந்து வடிய வேண்டும் என்பதால் சரிவு உள்நோக்கி இருக்கும். மூன்றுக்கும் ஒரே கணக்குப் போடுபவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். பெட்டியோடு வரும் கையேட்டில் உங்கள் மாடலுக்கு என்ன போட்டிருக்கிறதோ அதுவே முடிவு.

குழாய் வாயை எந்தச் சுவரில் விடுவது என்பதும் முக்கியம். தென்மேற்குப் பருவக்காற்று இந்த மலைகளின் மேற்குச் சரிவில்தான் வந்து மோதுகிறது; செங்கோட்டை, கம்பம் பக்கம் கணவாய் வழியாக அது பாய்கிற வேகம் அங்கிருப்பவர்களுக்குத் தெரியும். மேற்குச் சுவரில் மூடியில்லாமல் விட்ட வாய்க்குள் காற்றே நுழைந்து புகையைத் திருப்பி அடிக்கும். கிழக்கோ வடக்கோ பார்த்த திறந்த சுவர் நல்லது; மூடி கட்டாயம். ஜன்னலுக்குப் பக்கவாட்டிலும் கீழேயும் 4 அடியாவது தள்ளி இருக்க வேண்டும், ஜன்னலுக்கு மேலே என்றால் 1 அடி. பக்கத்து வீட்டு ஜன்னலுக்கும் இதே கணக்குதான். தோட்டத் தொழிலாளர் லயங்களில் வீடுகள் ஒட்டி ஒட்டி இருப்பதால் நம் புகை அடுத்த வீட்டுத் தொட்டில்வரை போகும் என்பதை மறக்க வேண்டாம்.

இத்தனை சிரமத்துக்கு மாற்றாக நாங்கள் முதலில் சொல்வது, கீசரை வீட்டுக்கு வெளியே, காற்றோட்டமான திறந்த சுவரில், மேலே மட்டும் மழைமறைப்பு வைத்து மாட்டி, சுடுதண்ணிக் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவருவது. ஐந்தாறு மீட்டர் குழாய்க்குச் சுற்றிலும் ஃபோம் உறை போட்டால் சூடு பெரிதாகக் குறையாது. இதிலும் தவறு செய்ய வழியிருக்கிறது: குளியலறை ஜன்னலை ஒட்டியே மாட்டுவது, அடுத்த மழைக்காலத்தில் மூன்று பக்கமும் தகரம் அடித்து அதை ஒரு மூடிய கூண்டாக்குவது.

இனி கேஸ் பக்கம். எல்பிஜி காற்றைவிடக் கனமானது; கசிந்தால் தரையோடு படர்ந்து பள்ளத்தில் தேங்கும். மலைச்சரிவு வீடுகளில் ரோட்டு மட்டத்துக்குக் கீழே இருக்கும் அறையில் சிலிண்டரை வைப்பது அதனால் ஆபத்து. அடுப்புக்குப் போகும் ரப்பர் டியூபை நடுவில் வெட்டி டி போட்டுக் கீசருக்கு இழுப்பது அதைவிட ஆபத்து: கீசர் எரியும்போது அடுப்புத் தீ தணியும், மூன்று இணைப்புகளும் காலப்போக்கில் தளரும். கீசருக்குத் தனி சிலிண்டர், தனி ரெகுலேட்டர் வையுங்கள். டியூப் இந்தியத் தர எண்ணான ஐ.எஸ். 9573 முத்திரை உள்ளதாக, ஒன்றரை மீட்டருக்குள், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவதாக இருக்கட்டும். அதைச் சுவருக்குள் நுழைக்காதீர்கள். சுவரைத் தாண்ட செம்பு அல்லது ஜிஐ குழாய்.

குளிரில் கேஸ் சரியாக வரவில்லை என்று சிலிண்டரைச் சுடுதண்ணியில் வைப்பதும், சாய்த்துப் படுக்கவைப்பதும் இங்கே சகஜம். சிலிண்டரில் உள்ள பியூட்டேன் பூஜ்ய டிகிரியை ஒட்டித்தான் கொதிக்கும். மூணாற்றின் ஜனவரி விடியலில் அழுத்தம் குறைவது இயல்பு. படுக்கவைத்தால் ஆவிக்குப் பதில் திரவமே ரெகுலேட்டருக்குள் போய், ஒரு சொட்டு பல மடங்கு ஆவியாகி, தீ கீசர் பெட்டியை மீறி வெளியே பாயும். சிலிண்டரை நிமிர்த்தி வைத்து, விடிந்து சற்று நேரம் கழித்துக் குளியுங்கள்.

உயரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். 1,500 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைவு. சமவெளிக்காக அளவு வைத்த பர்னர் அங்கே காற்றுப் போதாமல் எரியும். வாங்கும்போதே ஊரின் உயரத்தைச் சொல்லி, கேஸ் அளவைக் குறைத்துத் தரமுடியுமா என்று கம்பெனி சர்வீஸ் ஆளிடம் கேளுங்கள். தீ நீலமாக, அசையாமல் நிற்க வேண்டும். நுனி மஞ்சளாக ஆடினாலோ, பெட்டிக்கு மேலே சுவரில் கரிப்பூச்சு தெரிந்தாலோ நிறுத்திவிடுங்கள். பெரும்பாலும் வெப்பமாற்றியின் செம்புத் தகடுகளுக்கு நடுவே கரி அடைத்திருக்கும், அல்லது சீசன் இல்லாத மாதங்களில் குழாய்க்குள் குளவி கூடு கட்டியிருக்கும். வருடம் ஒருமுறை, பூட்டிக்கிடந்த ஹோம்ஸ்டேயைத் திறக்கும் முன், கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். உறைபனி விழும் இடங்களில் இரவில் வடிகால் திருகைத் திறந்து தண்ணீரை வெளியேற்றாவிட்டால் வெப்பமாற்றி வெடித்துவிடும்.

கேஸ் கசிவு அலாரம் வாங்கி மாட்டிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. அது எல்பிஜியைத்தான் காட்டும், அதனால்தான் தரையருகே மாட்டுகிறோம். கார்பன் மோனாக்சைடு காற்றைப் போன்றே எடை கொண்டது, அதற்குத் தனி அலாரம் வேண்டும். குளியலறைக்கு வெளியே, படுக்கையறைப் பக்கம், மூச்சு விடும் உயரத்தில். நீராவி படும் இடத்தில் வைத்தால் கெட்டுவிடும். ஐரோப்பியத் தரத்தில் செய்தவை பத்து லட்சத்தில் 300 பங்கு என்ற அளவைத் தொட்டால் மூன்று நிமிடத்துக்குள் அலறும்.

குளிக்கப் போனவர் கூப்பிட்டால் பதில் தரவில்லை என்றால் யோசிக்காமல் கதவை உடையுங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு போய் ஆளை வெளிக்காற்றுக்கு இழுத்து வந்த பிறகே கேஸை மூடுங்கள். 108-ஐ அழையுங்கள், எல்லைக்கு எந்தப் பக்கமானாலும் அதே எண்தான். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 98 காட்டுகிறது என்று ஆஸ்பத்திரி போகாமல் இருந்துவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடு ஒட்டிய ரத்தத்தையும் ஆக்சிஜன் ஒட்டிய ரத்தத்தையும் அந்தக் கருவியால் பிரித்துப் பார்க்க முடியாது. "பாத்ரூமில் கேஸ் கீசர் ஓடியது" என்று டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். வலிப்பாகத் தெரிந்து, வலிப்பு நோய் மாத்திரையோடு அனுப்பப்பட்டவர்கள் இருக்கிறார்கள்; இந்திய நரம்பியல் மருத்துவர்கள் இதற்கு கேஸ் கீசர் சிண்ட்ரோம் என்றே பெயர் வைத்து எழுதியிருக்கிறார்கள். அந்த ஒரு வரி தெரிந்தால்தான் மருத்துவர் உடனே முழு ஆக்சிஜன் முகமூடி வைத்து, ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு அளவைப் பார்க்கச் சொல்வார். கூடக் குளித்த பிள்ளை, பக்கத்து அறையில் தூங்கியவர் எல்லோரையும் சேர்த்துக் கூட்டிப்போங்கள்.