சுத்திகரித்த நீரில் தக்காளி: யூரியா மூட்டையை ஓரமாக வையுங்கள்

போர்வெல் வற்றிப்போன ஓசூர், ராயக்கோட்டை, பாலக்கோடு பக்கத்துத் தோட்டங்களுக்குச் சுத்திகரித்த கழிவுநீர் பெரிய துணை. ஊரில் குழாய் திறக்கிறவரை கோடையிலும் அது வரும். புதிதாக அந்த நீரைப் பிடிப்பவர்களோ வரிசையாக அதே சில பள்ளங்களில் விழுகிறார்கள். குடிக்காதீர்கள், கை கழுவுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விடுகிறேன்.

போர்த் தண்ணீரின் உரக்கணக்கையே இதற்கும் போடுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது. காசு கொடுத்து வாங்கிய உரத்தாலேயே விளைச்சலைக் கெடுத்துக்கொள்கிறோம்.

பாலக்கோடு பக்கத்தில் ஒரு தம்பி இந்த நீரில் ஹைப்ரிட் தக்காளி வைத்தார். செடி இடுப்பளவு, இலை கரும்பச்சை. "அண்ணா, இந்தத் தண்ணியில என்னமா எழும்புது பாருங்க!" என்றார். பூ எங்கே என்று கேட்டேன். அதற்குள் சொட்டுநீரில் உரம் கலக்கும் வென்சுரி கருவியில் அடுத்த தவணை யூரியா போய்க்கொண்டிருந்தது. வந்த பூவும் உதிர்ந்தது. பிடித்த காய்களில் பல அடி கறுத்துப்போயின. மீதி மண்டிக்குப் போவதற்குள் கிரேட்டிலேயே நசுங்கின.

அந்த நீரிலேயே தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், கரைந்திருக்கிறது. கணக்கு எளிது: ஆய்வு அறிக்கையில் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் நைட்ரஜன் என்று இருக்கிறதோ, அதை நீங்கள் பாய்ச்சும் லட்சம் லிட்டரால் பெருக்கி 10-ஆல் வகுத்தால் கிலோ வரும். ஏக்கருக்கு ஒரு நாளைக்கு 15,000 லிட்டர் வீதம் 100 நாள் என்றால் 15 லட்சம் லிட்டர். அறிக்கையில் 30 என்று இருந்தால் 45 கிலோ நைட்ரஜன். 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் இருப்பது சுமார் 21 கிலோதான். ஆக, இரண்டு மூட்டைக்குச் சற்று மேலாகவே சொட்டுக்குழாய் வழியாக இறங்கிவிடுகிறது. அதன்மேல் வழக்கமான அடியுரம், மேலுரம் எல்லாம் போட்டால் செடி இலையாகத்தான் போகும்.

அறிக்கையில் 'நைட்ரேட்' என்று மட்டும் எழுதியிருந்தால் அந்த எண்ணை 4.4-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள், அம்மோனியா நைட்ரஜனையும் கேட்டு வாங்கிச் சேருங்கள். வந்த கிலோவைப் பரிந்துரை அளவிலிருந்து கழித்து, மீதியை மட்டும் போடுங்கள். சாம்பல் சத்தை (பொட்டாஷ்) கண்ணை மூடிக்கொண்டு குறைக்க வேண்டாம். முக்கியமாக, யூரியாவை நிறுத்தலாம், நீரில் வரும் தழைச்சத்தை நிறுத்த முடியாது. அதனால் பூ எடுக்கும்போது பண்ணைக்குட்டை நீரையோ மிச்சமிருக்கும் போர் நீரையோ கலந்து விட வழி வைத்திருங்கள்.

நுரைத் தண்ணீரைச் சுத்திகரித்த நீர் என்று நம்புவது

ஓசூர் பக்கத்துக் கெலவரப்பள்ளி அணையில் நுரையாகப் பொங்குவது வேறு. தென்பெண்ணையில் சுத்திகரிக்காமல் கலந்த கழிவு அது.

கோலாரைக் காட்டி அவசரப்படுவது

கர்நாடகத்தின் கோலாரில் பெங்களூரின் சுத்திகரித்த நீரை 2018 முதல் ஏரிகளில் நிரப்புவது நிலத்தடியில் ஊறத்தான். நேராகப் பயிருக்குப் பாய்ச்சுவது வேறு வேலை.

கொத்தமல்லி, கீரை

வேண்டாம். பச்சையாக வாயில் போடும் இலை எதுவும் வேண்டாம்.

வடிகட்டி இல்லாத சொட்டுநீர்

அடைத்துக்கொள்ளும்.

முதல் தூறலுக்கு மோட்டாரை நிறுத்துவது

இந்த நீரில் உப்பு அதிகம். கோடை முழுக்கச் சொட்டு விழுந்து நனைந்த வட்டத்தின் ஓரத்தில் அது வெள்ளையாகப் படிந்திருக்கும். லேசான மழை அதைக் கரைத்து நேராக வேருக்குத் தள்ளும். பிறகு இலை நுனி கருகும். நல்ல மழை இறங்கி மண் ஆழமாக நனைகிறவரை சொட்டுநீரை ஓடவிடுங்கள்.