அமெரிக்காவில் இலவசமாக ஒரு லோக்கல் நம்பர்: கூகுள் வாய்ஸ் எடுப்பது எப்படி?

அமெரிக்காவுக்குப் படிக்கவோ வேலைக்கோ புதிதாக வந்தவர்களுக்குச் சீக்கிரமே தெரிந்துவிடும், இங்கே எதற்கெடுத்தாலும் போன் நம்பர் கேட்பார்கள். வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் கேட்பார்கள், யாரோ விற்கிற பழைய சோஃபாவை வாங்கப் போனால் கேட்பார்கள், மளிகைக் கடையில் தள்ளுபடி வேண்டும் என்றால் கேட்பார்கள். கார் இன்ஷூரன்ஸ் எவ்வளவு ஆகும் என்று சும்மா பார்க்கலாமே என்று ஏதாவது ஒரு தளத்தில் நம்பரைத் தட்டிவிட்டீர்கள் என்றால் போச்சு, ஏஜென்ட்கள் ஒருவர் மாற்றி ஒருவர் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். சிம்மோடு வந்த நம்பரை இப்படி ஊரெல்லாம் கொடுத்துவிட்டால் அப்புறம் அந்த போனில் நிம்மதி இருக்காது. அதனால் வெளி ஆட்களுக்குக் கொடுக்க என்றே இன்னொரு நம்பர் வைத்துக்கொள்வது நல்லது. அதற்குக் காசு செலவழிக்கவும் வேண்டியதில்லை, இணையம் வழியாகப் பேசவும் எஸ்எம்எஸ் அனுப்பவும் நம்பர் தரும் கூகுள் வாய்ஸ் சேவையில் இலவசமாகவே எடுக்கலாம்.

இது நேற்று வந்த சேவை இல்லை. கிராண்ட் சென்ட்ரல் என்ற சின்ன நிறுவனத்தை 2007இல் கூகுள் வாங்கி, 2009 மார்ச்சில் கூகுள் வாய்ஸ் என்ற பெயரில் கொண்டுவந்து, 2010 ஜூனில் அமெரிக்காவில் இருக்கும் எல்லாருக்கும் திறந்துவிட்டது. 2025 மே மாதம் ஸ்கைப்பை மூடிய பிறகு, அதில் நம்பர் வைத்திருந்த பலர் வேறு இடம் தேடிக் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கிறார்கள்.

யாருக்குக் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது

சென்னையிலோ கோவையிலோ உட்கார்ந்துகொண்டு இதை எடுக்க முடியாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொந்தக் கணக்கில் நம்பர் எடுக்க வேண்டும் என்றால் நீங்கள் அமெரிக்காவில் இருக்க வேண்டும், கையில் ஓர் அமெரிக்க மொபைல் நம்பரும் இருக்க வேண்டும். "வெரிஃபை செய்த கூகுள் வாய்ஸ் கணக்கு விற்பனைக்கு" என்று டெலிகிராம் குழுக்களில் விளம்பரம் வரும், அந்தப் பக்கமே போகாதீர்கள். யாரோ ஒருவருடைய கணக்கில் யாரோ ஒருவருடைய போனை வைத்து எடுத்த நம்பர் அது, எந்த நிமிடமும் கைவிட்டுப் போகலாம்.

ஊரிலிருந்து கிளம்பும் முன்பே எடுத்து வைத்துக்கொள்ளலாமா என்று மாணவர்கள் கேட்பார்கள். அவசரப்பட வேண்டாம். வந்து இறங்கி, ஒரு ப்ரீபெய்ட் சிம் போட்டு, அது வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் இதில் உட்காருங்கள், கால் மணி நேர வேலை. ஜிமெயில் கணக்கு உங்கள் சொந்தக் கணக்காக இருக்கட்டும். ஆபீஸ் கணக்கிலும் கல்லூரி கணக்கிலும் வாய்ஸைத் திறந்துவிடுவதும் மூடுவதும் அங்கே இருக்கும் நிர்வாகி கையில், தவிர வேலை மாறும்போது கணக்கோடு நம்பரும் போய்விடும்.

நம்பர் எடுக்கும் வேலை

முதல் தடவை எடுக்கும்போது லேப்டாப்பில் செய்வது வசதி. பிரௌசரில் வாய்ஸ் டாட் கூகுள் டாட் காம் போய், ஜிமெயில் கணக்கால் உள்ளே நுழையுங்கள். சொந்த உபயோகத்துக்கா, தொழிலுக்கா என்று கேட்கும். சொந்த உபயோகம் என்பதைத் தேர்ந்தெடுங்கள், தொழிலுக்கானது மாதக் கட்டணம் உள்ளது. விதிமுறைகளுக்குச் சரி சொல்லித் தாண்டியதும் ஒரு தேடல் பெட்டி வரும். அதில் ஊர் பெயரோ ஏரியா கோடோ (எந்தப் பகுதி என்று காட்டும், நம்பரின் முதல் மூன்று இலக்கம்) போட்டால் அந்தப் பகுதியில் காலியாக இருக்கும் நம்பர்களைக் காட்டும். நீங்கள் கேட்ட ஊரில் ஒன்றும் இல்லை என்றால் பக்கத்து ஊர்களைப் போட்டுப் பாருங்கள்.

எந்த ஏரியா கோடை எடுப்பது என்று குழம்பி இந்த இடத்தில்தான் பலர் நின்றுவிடுவார்கள். நியூஜெர்சியின் எடிசனில் இருப்பவர் 732 அல்லது 848 தேடலாம், கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்டில் 510, ஃப்ரிஸ்கோ, பிளானோ என்று டாலஸ் பக்கம் இருப்பவர்கள் 214, 469, 972, 945. நியூயார்க்கின் 212 வேண்டும் என்று ஆசைப்பட்டால் ஏமாந்துதான் போவீர்கள், மன்ஹாட்டன்காரர்கள் கௌரவமாக நினைக்கும் கோடு அது, இலவச சேவையில் வந்து மாட்டாது. அதற்கு ஏன் அவ்வளவு மவுசு என்பது சுவாரசியமான கதை. 1947இல் வட அமெரிக்காவுக்கு 86 ஏரியா கோடுகளைப் பிரித்துக் கொடுத்தபோது எல்லாம் சுழற்றும் டயல் போன்கள். 2 சுழற்றினால் லைனில் இரண்டு மின் துடிப்பு போகும், 9க்கு ஒன்பது, பூஜ்யத்துக்குப் பத்து, துடிப்பு கூடக் கூட நேரமும் கூடும். அதனால் நிறைய அழைப்பு போகும் பெரிய நகரங்களுக்குச் சீக்கிரம் சுழற்றி முடிக்கக்கூடிய எண்களைக் கொடுத்தார்கள். நியூயார்க் 212, மொத்தம் ஐந்தே துடிப்பு. லாஸ் ஏஞ்சல்ஸ் 213, சிகாகோ 312. பின்னாளில் அலாஸ்காவுக்குக் கிடைத்த 907க்கோ 26 துடிப்பு.

இன்றைக்கு இதெல்லாம் பழைய கதை. வெளியூர் அழைப்புக்குத் தனிக் காசு வாங்கிய காலத்தில் லோக்கல் நம்பருக்கு அர்த்தம் இருந்தது. இப்போது டெக்சஸில் படித்துவிட்டு சியாட்டிலில் வேலை பார்ப்பவர் டெக்சஸ் நம்பரையேதான் வைத்திருக்கிறார், யாரும் அதைக் கண்டுகொள்வதில்லை. சமையல் ஆர்டர், டியூஷன், பாட்டு வகுப்பு என்று அக்கம்பக்கத்து ஆட்களை நம்பிச் செய்கிறவர்கள் மட்டும் உள்ளூர் கோடாகப் பார்த்து எடுங்கள். மற்றவர்கள் கோடை விட்டுவிட்டு, சொல்வதற்குச் சுலபமான நம்பராகத் தேடுங்கள். நாம் பழக்கதோஷத்தில் "டபுள் ஃபைவ், டிரிபிள் சிக்ஸ்" என்று சொல்வோம், எதிர்முனையில் இருக்கும் அமெரிக்கருக்குச் சட்டென்று பிடிபடாது. ஒரே எண் அடுத்தடுத்து வராத நம்பராக இருந்தால் அந்தச் சிக்கலே இல்லை.

பிடித்த நம்பரைத் தேர்ந்தெடுத்ததும் அடுத்த திரையில் உங்கள் நிஜ மொபைல் நம்பரைக் கேட்கும். அதைப் போட்டால் ஆறு இலக்க கோடு ஒன்று எஸ்எம்எஸ்ஸில் வரும், அதைத் திரையில் தட்டினால் முடிந்தது. இணையம் வழியாக எடுத்த வேறு இலவச நம்பரை இங்கே போட்டு ஏமாற்றலாம் என்று பார்த்தால் ஏற்றுக்கொள்ளாது. இந்த மொபைல் நம்பர் ஏற்கெனவே வேறு வாய்ஸ் கணக்கில் இருக்கிறது என்று சொன்னால் பயப்பட வேண்டாம், ப்ரீபெய்ட் சிம்களில் இது நடக்கும், அந்த நம்பரை முன்பு வைத்திருந்தவர் இணைத்திருப்பார். அதை உங்கள் கணக்குக்கு மாற்றிக்கொள்ளவா என்று கேட்கும், சரி சொன்னால் போதும்.

அந்த ஆறு இலக்கத்தை யாருக்கும் சொல்லாதீர்கள்

இதற்குத் தனித் தலைப்பு போட்டதற்குக் காரணம் இருக்கிறது. ஆன்லைனில் ஒரு மேசையை விற்கப் போட்டிருப்பீர்கள். வாங்குகிறேன் என்று ஒருவர் வருவார், இனிக்க இனிக்கப் பேசுவார், அப்புறம் "நீங்கள் உண்மையான ஆள்தானா என்று தெரிய வேண்டும், உங்கள் போனுக்கு ஒரு கோடு அனுப்புகிறேன், அதைச் சொல்லுங்கள்" என்பார். வருவது கூகுள் வாய்ஸ் கோடு. நீங்கள் சொன்ன அடுத்த நொடி, உங்கள் மொபைல் நம்பரைக் காட்டி அவர் ஒரு வாய்ஸ் நம்பர் எடுத்துவிடுவார், அதை வைத்து அடுத்த ஆளை ஏமாற்றுவார். நுகர்வோரைப் பாதுகாக்கும் அமெரிக்க அரசின் எஃப்டிசி அமைப்பே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. சொல்லித் தொலைத்துவிட்டோமே என்பவர்கள், உங்கள் கணக்கில் வாய்ஸ் எடுத்து உங்கள் மொபைல் நம்பரை அதில் இணையுங்கள், அவரிடமிருந்து அது கழன்று வந்துவிடும்.

எடுத்தவுடன் மாற்ற வேண்டிய செட்டிங்குகள்

போனில் வாய்ஸ் ஆப்பைப் போட்டு அதே ஜிமெயிலில் நுழையுங்கள். செட்டிங்ஸில் அழைப்புகள் என்ற பகுதியில், அழைப்பு வந்தால் எங்கெல்லாம் மணி அடிக்க வேண்டும் என்ற பட்டியல் இருக்கும். ஆப்பிலும் அடிக்கிறது, இணைத்த மொபைல் நம்பருக்கும் போகிறது என்றால் ஒரே போனில் ஒரே அழைப்பு இரண்டாகக் காட்டித் தொல்லை கொடுக்கும். இணைத்த நம்பருக்குப் போவதை அணைத்துவிடுங்கள். வீட்டுக்குள் இணையம் நன்றாக இருந்து மொபைல் சிக்னல் மட்டும் மோசம் என்றால் இது பெரிய வசதி. ஆப் வைஃபையிலேயே பேசும்.

அடுத்தது ஸ்பாம் வடிகட்டி, அதைப் போட்டு வைத்துவிடுங்கள். அழைப்பவரின் பெயரைக் கேட்கும் வசதியும் உண்டு. தெரியாத நம்பராக இருந்தால் கூகுளே பெயரைச் சொல்லச் சொல்லி, நீங்கள் எடுக்கும்போது அதை உங்கள் காதில் போடும், எடுப்பதா வாய்ஸ்மெயிலுக்குத் தள்ளுவதா என்று நீங்கள் முடிவு செய்யலாம். இயந்திரக் குரலில் கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் அங்கேயே கழன்றுகொள்வார்கள். வாய்ஸ்மெயிலை எழுத்தாக்கி மின்னஞ்சலில் அனுப்பும், ஆங்கிலம் என்றால் ஓரளவு சரியாகவே இருக்கும். நம் ஆட்கள் தமிழும் ஆங்கிலமும் கலந்து விட்டுப்போகும் செய்தி எழுத்தில் எப்படி வரும் என்பதைப் படித்துத்தான் சிரிக்க வேண்டும்.

எஸ்எம்எஸ்ஸை மின்னஞ்சலுக்கு அனுப்பும் ஸ்விட்சையும் போடுங்கள். விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது இதன் அருமை தெரியும். அமெரிக்க சிம் தூங்கிக்கொண்டிருந்தாலும் வீட்டு ஓனர் அனுப்பிய செய்தி மதுரையில் உங்கள் ஜிமெயிலுக்கு வந்துவிடும்.

சோதித்துப் பார்க்க நண்பர் யாரையாவது கூப்பிடச் சொல்லுங்கள். இணைத்த உங்கள் சொந்த மொபைலிலிருந்து கூப்பிட்டால் வாய்ஸ்மெயிலுக்குள் போய்விடும், கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்று, வெளி ஆட்களைக் கூப்பிடும்போது வாய்ஸ் ஆப்புக்குள் போய்க் கூப்பிடுங்கள். போனின் வழக்கமான டயலரில் தட்டினால் பொதுவாக உங்கள் சிம் நம்பர்தான் அவருக்குத் தெரியும், இவ்வளவு செய்ததும் வீண்.

எதற்குப் பயன்படுத்தக் கூடாது

911க்கு இதை நம்பாதீர்கள், சொந்தக் கணக்கு வாய்ஸில் அவசர அழைப்பு கிடையாது. அதற்கு சிம் நம்பர்தான்.

வங்கி ஓடிபிக்கும் வேண்டாம். பல வங்கிகள் இது இணைய நம்பர் என்று கண்டுபிடித்து ஒதுக்கிவிடும், ஐந்து ஆறு இலக்க நம்பரிலிருந்து வரும் செய்திகள் பலசமயம் வந்து சேராது. சம்பளக் கணக்கை இதில் கட்டிவைத்துவிட்டு ராத்திரி பதினோரு மணிக்கு ஓடிபி வராமல் தவிக்காதீர்கள்.

அம்மா அப்பாவுக்குக் கொடுப்பதிலும் லாபம் இல்லை. அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் இங்கிருந்து பேசுவது ஏறக்குறைய எல்லாமே இலவசம், ஆனால் ஊரிலிருந்து இந்த நம்பருக்கு அடித்தால் அவர்களுக்கு ஐஎஸ்டி கட்டணம்தான் ஆகும். அவர்களோடு வாட்ஸ்அப்பிலேயே பேசிக்கொள்ளுங்கள். இங்கிருந்து இந்திய நம்பருக்கு அடிக்க வேண்டுமானால் கணக்கில் முன்கூட்டியே சில டாலர் போட வேண்டும், நிமிடக் கட்டணத்தைக் கட்டணப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

நம்பர் கைவிட்டுப் போகாமல் இருக்க

மூன்று மாதம் அழைப்பும் இல்லை, செய்தியும் இல்லை என்றால் கூகுள் நம்பரைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். அதற்கு முன் எச்சரிக்கை வரும், ஆனால் அந்த மின்னஞ்சல் விளம்பரக் குவியலில் கிடந்தால் யார் பார்ப்பது? மாதம் ஒரு தடவை நண்பருக்கு ஒரு "ஹாய்" அனுப்பக் காலண்டரில் குறித்து வையுங்கள், போதும். ஏற்கெனவே இருக்கும் மொபைல் நம்பரையே வாய்ஸுக்குக் கொண்டுவர 20 டாலர் ஒரே தடவைக் கட்டணம், அப்படிக் கொண்டுவந்த நம்பருக்கு இந்த மூன்று மாதக் கணக்கு கிடையாது. ஒட்டுமொத்தமாக ஊர் திரும்புகிறோம், ஆனால் இத்தனை வருடம் வைத்திருந்த அமெரிக்க நம்பரை விட மனமில்லை என்பவர்களுக்கு அது நல்ல வழி. ஆனால் சிம் உயிரோடு இருக்கும்போதே மாற்றுங்கள். இணைப்பை ரத்து செய்துவிட்டு அப்புறம் கேட்டால் நம்பர் வராது.

பிறகு மனம் மாறி, கூகுள் கொடுத்த நம்பரை வேறு நிறுவனத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்றாலும் முடியும். செட்டிங்ஸில் நம்பரைத் திறந்துவிட 3 டாலர் கேட்கும், கட்டிவிட்டுப் புது நிறுவனத்திடம் சொன்னால் மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.